பரணில் கிடந்த பெட்டி நிறைய மாதிரி ரயில்: 120 பவுண்டுக்கு வாங்கலாமா?

வாசகர் கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். போன மாதம் ஒரு மாதிரி ரயில் கண்காட்சிக்குப் போய்வந்ததிலிருந்து என் பத்து வயது மகளுக்கு அதே நினைப்பு. புதிய இன்ஜின்களின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மொத்தமாக 200 பவுண்ட் ஒதுக்கலாம். இணையத்தில் ஒருவர் "பரணில் கிடந்தது, ஓட்டிப் பார்க்கவில்லை" என்று சொல்லி ஒரு பெட்டியை 120 பவுண்டுக்குப் போட்டிருக்கிறார். ட்ரையாங் ஹார்ன்பி ஜின்டி, லிமா 47 டீசல், மெயின்லைன் பேனியர் டாங்க் என மூன்று இன்ஜின்கள். ஆறு கோச், பத்து வேகன், நிறைய தண்டவாளம், கறுப்பு இரும்புக் கூடு போட்ட ஹெச் அண்ட் எம் கன்ட்ரோலர் (ரயிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டி) ஒன்றும் உண்டு. வாங்கலாமா? இல்லை, வேறு எங்கே, எப்படித் தேடுவது?

பதில்: வாங்கலாம், ஆனால் 120 கொடுத்து அல்ல. பழைய மாதிரி ரயிலில் மலிவு என்பது விலைச் சீட்டில் இல்லை. அந்த இன்ஜினில் எது கெட்டிருக்கிறது, கெட்டதற்கு மாற்றுப் பாகம் கிடைக்குமா, அதை வீட்டு மேசையில் வைத்தே மாற்ற முடியுமா என்பவைதான் அதன் உண்மையான விலை. நீங்கள் சொன்ன மூன்று இன்ஜின்களும் மூன்று விதமான மோட்டார், மூன்று விதமான சேஸிஸ் (சக்கரமும் மோட்டாரும் பொருந்தும் அடிச்சட்டம்). ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டால் இந்தப் பெட்டிக்கு மட்டுமல்ல, இனி நீங்கள் பார்க்கப்போகும் எல்லாப் பெட்டிக்கும் விடை கிடைக்கும்.

முதலில் அளவு. பிரிட்டனில் பெரும்பாலானோர் வைத்திருப்பது ஓஓ அளவு, அதாவது 1:76. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் ஹெச்ஓ 1:87 என்றாலும் அதே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்தான் ஓடும். அதனால் இரண்டும் ஒரே பெட்டியில் கலந்து வருவது சகஜம். ஓடுவதில் சிக்கல் இல்லை, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஹெச்ஓ பெட்டி குட்டையாகத் தெரியும். லிமா தொடக்கத்தில் செய்த சில பிரிட்டிஷ் மாதிரிகளும் ஹெச்ஓதான். கட்டாயம் ஒதுக்க வேண்டியது ஹார்ன்பி டப்ளோவின் மூன்று தண்டவாள ரகம். 1938-இல் லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் கொண்டுவந்தது. நடுவில் மூன்றாவதாக ஒரு கம்பி ஓடும். 1959 வாக்கில்தான் அவர்கள் இரண்டு தண்டவாளத்துக்கு வந்தார்கள். மூன்று தண்டவாள இன்ஜின் உங்கள் மகளின் தண்டவாளத்தில் ஓடாது. சேகரிப்பவர்களுக்கு அது பொக்கிஷம், உங்களுக்கு அது பணத்தை முடக்கும் பொருள். "டப்ளோ" என்ற பெயர் கண்ணில் பட்டால் எத்தனை தண்டவாளம் என்று கேட்டுவிட்டு மேற்கொண்டு பேசுங்கள்.

இனி ஜின்டி. மூன்றில் என் ஓட்டு இதற்குத்தான். ட்ரையாங் நிறுவனம் 1950-களிலிருந்து செய்த சிறிய ஆறு சக்கர இன்ஜின். உள்ளே இருப்பது எக்ஸ்04 என்ற திறந்த மோட்டார். மேல்கூட்டைக் கழற்றினால் காந்தம், கம்பிச் சுற்று, இரண்டு கார்பன் பிரஷ், பிரஷ்களை அழுத்திப் பிடிக்கும் ஹேர்பின் வடிவ ஸ்பிரிங் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஐம்பது அறுபது வருடம் ஆன பிறகும் இந்த மோட்டாருக்குப் பிரஷ், ஸ்பிரிங், எல்லாமே இன்றும் விற்கிறார்கள். ஓடாத ஜின்டியில் பெரும்பாலும் இருப்பது மூன்று குறைகள்: காய்ந்து பசையாகிப்போன எண்ணெய், கம்யூட்டேட்டரில் (பிரஷ் உரசும் சுழல் வளையம்) கறுப்பு அழுக்கு, தேய்ந்த பிரஷ்.

இங்கே ஒன்றைக் கிட்டத்தில் கவனியுங்கள். அந்த ஸ்பிரிங்கின் இரண்டு கால்களில் ஒன்றில் மட்டும் ஒரு சின்ன உறை மாட்டியிருக்கும். நெல்மணி நீளம்கூட இருக்காது. எக்ஸ்04-இல் ஒரு பிரஷ் சேஸிஸோடு மின்தொடர்பில் இருக்கும், இன்னொன்று சேஸிஸில் படாமல் தனியே கம்பி வழியாக மின்சாரம் வாங்கும். அந்த இரண்டாவது பிரஷை அழுத்தும் காலில்தான் உறை இருக்க வேண்டும். யாரோ எப்போதோ பிரஷ் மாற்றும்போது உறையைத் தொலைத்திருப்பார்கள், அல்லது மறுபக்கக் காலில் மாட்டியிருப்பார்கள். உடனே ஷார்ட் ஆகும், கன்ட்ரோலர் துண்டிக்கும், "மோட்டார் எரிந்துபோச்சு" என்று பரணில் போட்டுவிடுவார்கள். சரியான காலில் ஒரு துண்டு பிளாஸ்டிக் உறையை மாட்டினால் அதே இன்ஜின் ஓடும். விற்பவர் படத்தில் மேல்கூடு கழற்றிக் காட்டினால் முதலில் இதைத் தேடுங்கள்.

சுத்தம் செய்யும் முறை: ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் கம்யூட்டேட்டரைத் துடையுங்கள். அதன் மூன்று துண்டுகளுக்கும் நடுவே உள்ள இடுக்கில் அடைத்திருக்கும் கார்பன் பொடியை மரப் பல்குச்சியால் சுரண்டி எடுங்கள். சக்கரத்தின் ஓடும் பகுதியையும் ஆல்கஹாலால் துடையுங்கள். பழைய எண்ணெய் முழுக்கப் போன பிறகு ஆர்மேச்சர் (சுழலும் கம்பிச் சுற்று) தண்டின் இரு முனைக்கும் ஒவ்வொரு துளி மெல்லிய எண்ணெய், பல்சக்கரத்துக்குத் துளி கிரீஸ். அதற்கு மேல் விட்டால் எண்ணெய் கம்யூட்டேட்டருக்குத் தெறித்து மறுபடியும் பழைய கதைதான். டபிள்யூடி-40 அடிக்கவே கூடாது. உப்புத்தாளும் வேண்டாம், அது விடும் கோடுகளில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும். இன்னொன்று, எந்தக் காரணத்துக்காகவும் ஆர்மேச்சரையோ காந்தத்தையோ தனியே கழற்றாதீர்கள். அந்தக் காலத்து மோட்டாரில் காந்தத்தின் இரு முனைக்கும் நடுவே இரும்பு இல்லாமல் போனால் காந்த சக்தி இறங்கிவிடும். காந்தம் பலவீனமான மோட்டாரைக் கண்டுபிடிப்பது எளிது. சும்மா விட்டால் வேகமாகச் சுற்றும், பெட்டி இழுக்கச் சொன்னால் திணறும், இரண்டு நிமிடத்தில் கை வைக்க முடியாதபடி சுடும். மறுபடி காந்தம் ஏற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்தக் கூலியும் விலையில் சேரும்.

லிமா 47. இத்தாலியின் லிமா 2004-இல் மூடப்பட்டு, அதன் அச்சுகள் ஹார்ன்பியிடம் போய்ச் சேர்ந்தன. லிமா டீசல்களின் மேல்கூடு அந்தக் காலத்துக்கு நல்ல வேலைப்பாடு. வண்ணத் தீட்டல்களும் ஏராளம். பலவீனம் உள்ளேதான். தட்டையான மோட்டார் ஒரு பக்கப் போகியிலேயே (இன்ஜினுக்கு அடியில் தனியே திரும்பும் சக்கரத் தொகுதி) பொருத்தப்பட்டிருக்கும். இரண்டு தண்டவாளத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கும் சக்கரங்கள் மிகக் குறைவு. ஒரு போகி ஒரு பக்கத் தண்டவாளத்திலிருந்து எடுக்கும், மற்ற போகி மறுபக்கத்திலிருந்து எடுக்கும். சக்கரத்தில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் நின்றுவிடும். "ஓடவில்லை" என்று வரும் லிமாக்களில் பலவற்றுக்குச் சக்கரத்தைத் துடைத்தாலே போதும். அதற்கும் மசியாவிட்டால் பிரஷ், ரப்பர் வளையம் இரண்டையும் பாருங்கள். பிடிமானத்துக்காகச் சக்கரத்தில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையம் பல வருடம் கிடந்தால் இறுகி வெடிக்கும், அல்லது இளகிப் பிசுபிசுக்கும். இவையெல்லாம் சில பவுண்டில் கிடைக்கிற பாகங்கள்தான். சாலிடரிங் பழகியவர்கள் மெல்லிய பித்தளைத் தகட்டால் கூடுதல் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுக்கச் செய்துவிடுவார்கள். இன்ஜினின் குணமே மாறிப்போகும்.

லிமாவின் இன்னொரு வம்பு சக்கர விளிம்பு. பழைய லிமா சக்கரங்களுக்கு விளிம்பு ஆழம் அதிகம். கோட் 100 எனப்படும் உயரமான தண்டவாளத்தில் (கம்பியின் உயரம் 0.1 அங்குலம்) ஓடிவிடும். கோட் 75 என்ற மெல்லிய தண்டவாளத்தில் ஸ்லீப்பர் கட்டைகளின் பிடிகளில் விளிம்பு மோதித் தடதடக்கும். உங்கள் மகளுக்குத் தண்டவாளம் வாங்கும்போது கோட் 100 வாங்குங்கள். பழைய பெட்டிகளை ஓட்ட நினைக்கிறவர்களுக்கு அதுதான் தோது.

மூன்றாவது, மெயின்லைன் பேனியர் (இரு பக்கமும் தண்ணீர்த் தொட்டி தொங்கும் சிறிய நீராவி இன்ஜின்). படத்தில் மூன்றிலும் அழகாகத் தெரிவது இதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1970-களின் நடுவில் பாலிடாய் நிறுவனம் மெயின்லைன் என்ற பெயரில் விற்றது. செய்து கொடுத்தது ஹாங்காங்கின் கேடர். பின்னால் பாக்மன் பிராஞ்ச்லைன் என்ற பெயரில் கேடரே விற்க ஆரம்பித்தபோதும் முதல் வருடங்களில் இதே அமைப்புதான் தொடர்ந்தது. சேஸிஸ் நீளவாக்கில் இரண்டு பாதியாகப் பிளந்திருக்கும். வலப் பாதி வலச் சக்கரங்களிலிருந்தும், இடப் பாதி இடச் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுக்கும். ஷார்ட் ஆகாமலிருக்க ஒவ்வொரு அச்சும் நடுவில் வெட்டப்பட்டு ஒரு பிளாஸ்டிக் குழாயால் இணைக்கப்பட்டிருக்கும். அந்தக் குழாய்தான் வயதாகி விரிசல் விடும். விரிசல் விட்டால் ஒரு பக்கச் சக்கரம் மறுபக்கத்தை விட்டு நழுவும், இணைப்புத் தண்டுகள் ஒன்றோடொன்று இடிக்கும், இன்ஜின் நொண்டி நொண்டி நின்றுவிடும். மாற்றுக் குழாய்களும் பல்சக்கரங்களும் கிடைக்கின்றன. ஆனால் மூன்று அச்சையும் கழற்றி இரு பக்கச் சக்கரங்களையும் சரியான கோணத்தில் திரும்பப் பொருத்துவது புதியவர் செய்யும் வேலையில்லை. ஆக, ஓடுவதை வீடியோவில் காட்டாத வரையில் இந்த இன்ஜினுக்கு மேல்கூட்டின் மதிப்பு மட்டுமே போடுங்கள்.

தண்டவாளத்துக்கு மதிப்பே போட வேண்டாம். எவ்வளவு கொடுத்தாலும் சரி, அதைக் கணக்கில் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய தண்டவாளத்தில் நிறைய இரும்பு. இரும்பு துருப்பிடிக்கும், துரு மின்சாரத்தைத் தடுக்கும், தினமும் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும். சோதிக்க ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்று போதும். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் நிக்கல் சில்வர். ஒட்டாததை வைத்துக்கொள்ளலாம். ட்ரையாங்கின் சூப்பர் 4 ரகத்தின் தடித்த கம்பி இன்றைய தண்டவாளத்தோடு நேராகச் சேராது, அதற்கென்று தனி இணைப்புத் துண்டு வேண்டும். அடியில் சாம்பல் நிற ஜல்லி வடிவம் சேர்ந்தே வார்க்கப்பட்டிருந்தால் அது அதைவிடப் பழைய ரகம். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட்டுகளை எப்போதும் புதிதாக வாங்குங்கள். தளர்ந்துபோன பழைய ஃபிஷ்பிளேட்தான் "அந்த மூலையில் மட்டும் இன்ஜின் நிற்கிறது" என்ற புகாருக்கு முதல் காரணம். பழைய பாயின்ட் (தடம் இரண்டாகப் பிரியும் துண்டு) வாங்குவதானால் அதன் நகரும் நாக்கை இரு பக்கமும் தள்ளிப் பாருங்கள். "டக்" என்று போய் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் மிதந்தால் ஸ்பிரிங் போயிருக்கிறது, அல்லது யாரோ ஜல்லி ஒட்டிய பசை உள்ளே இறங்கியிருக்கிறது.

புதிதாக வாங்க வேண்டிய தண்டவாளம் இவ்வளவுதான்: ஹார்ன்பி ஆர்607 வளைவுகள் 8, ஆர்601 நேர்த்துண்டுகள் 4, அவற்றில் ஒன்றுக்கு மின்இணைப்பு. ஆர்607 என்பது இரண்டாம் ஆரம், 438 மில்லிமீட்டர். எட்டு சேர்ந்தால் முழு வட்டம். ஆர்601 ஒன்று 335 மில்லிமீட்டர். பக்கத்துக்கு இரண்டு வைத்தால் ஏறத்தாழ 1.55 மீட்டர் நீளம், 0.88 மீட்டர் அகலமுள்ள நீள்வட்டம் வரும். 6 அடிக்கு 4 அடிப் பலகையில் நிம்மதியாக உட்காரும். அதைவிடச் சிறிய 371 மில்லிமீட்டர் முதல் ஆரத்தை வாங்காதீர்கள். இன்றைய பெரிய இன்ஜின்கள் பலவும் 438-க்குக் கீழே திரும்பாது.

கன்ட்ரோலரைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ஹெச் அண்ட் எம் நல்ல பெயர் எடுத்த நிறுவனம். அது பிரச்சினையில்லை. அந்த இரும்புக் கூட்டுக்குள் வீட்டின் 230 வோல்ட் மின்சாரமே போகிறது. வயரின் மேலுறை பல பத்தாண்டுகளில் இற்று வெடித்திருக்கலாம், உள்ளே யார் என்ன மாற்றினார்கள் என்பதும் தெரியாது. பத்து வயதுக் குழந்தை தொடப்போகும் பொருள். ஓடுகிறதா என்று பார்க்கக்கூடப் பிளக்கில் செருகாதீர்கள். பெட்டியோடு வந்தால் பிளக்கை வெட்டிவிட்டு மறுசுழற்சி மையத்தில் கொடுங்கள். 200 பவுண்டில் கால் பங்கை முதலிலேயே எடுத்து வைத்து, சுவரில் செருகும் மின்மாற்றியும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியும் தனித்தனியே உள்ள புதிய கன்ட்ரோலர் வாங்குங்கள். கேஜ்மாஸ்டரின் காம்பி அந்த ரகம். அதில் குழந்தையின் கைக்கு வருவது தாழ்மின்னழுத்தம் மட்டுமே.

கோச், வேகன்களில்தான் நிஜமான மலிவு ஒளிந்திருக்கிறது. மோட்டார் இல்லை, கெடுவதற்கு அதிகம் இல்லை. பார்க்க வேண்டியவை ஒன்றோடொன்று கோக்கும் கப்ளிங்கும் சக்கரமும். ட்ரையாங் கொண்டுவந்த கொக்கிக் கப்ளிங்கின் வழிவந்ததே இன்றும் பிரிட்டிஷ் ஓஓ பெட்டிகளில் பொதுவாக இருக்கிறது. உயரம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் கோத்துக்கொள்ளும். அதற்கும் முந்தைய பெரிய கொக்கி கோக்காது. சக்கரத்தில், இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். இன்றைய ஓஓவுக்கு 14.5 மில்லிமீட்டர். பழைய சக்கரங்களில் இது குறைவாக இருக்கும், பாயின்டைக் கடக்கும்போது குதிக்கும். வேகனுக்கு 12.6, கோச்சுக்கு 14.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள புதிய சக்கரங்கள் பத்து அச்சு கொண்ட பாக்கெட்டாகக் கிடைக்கும். ஆனால் கணக்குப் போடுங்கள். ஆறு கோச்சுக்கு 24 அச்சு, பத்து வேகனுக்கு 20 அச்சு, மொத்தம் 44. ஐந்து பாக்கெட் வேண்டும். அந்தச் செலவு கோச், வேகன்களின் விலையையே தாண்டிவிடும். குதிப்பதை மட்டும் மாற்றுங்கள். பழைய ட்ரையாங் வேகன்கள் சிலவற்றில் அச்சு முனை கூராக இருக்காது, புதிய கூர்முனை அச்சு அவற்றில் பொருந்தாது. ஒரு பாக்கெட் வாங்கிப் பொருத்திப் பார்த்த பிறகு மீதியை வாங்குங்கள்.

இப்போது அந்தப் பெட்டியின் மதிப்பு. ஓட்டிப் பார்க்காத ஜின்டி 15, லிமா 15, பேனியர் 10. கோச் ஒன்றுக்கு 5 வீதம் 30, வேகன் ஒன்றுக்கு 2 வீதம் 20. கூட்டினால் 90 பவுண்ட். பிரஷ், ரப்பர் வளையம், ஒரு பாக்கெட் சக்கரம், எண்ணெய், ஆல்கஹால் என்று 25 கழியுங்கள். 65-க்குக் கேளுங்கள், 70-ஐத் தாண்டாதீர்கள். "ஓட்டிப் பார்க்கவில்லை" என்று போட்டிருந்தால் ஓட்டிப் பார்த்தார்கள், ஓடவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். விற்பவர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவரிடம் கன்ட்ரோலரே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்தச் சந்தேகத்தின் செலவை நீங்கள் சுமக்கக் கூடாது.

இந்தப் பெட்டி கைநழுவினால் அடுத்துத் தேட வேண்டியது வேறு தலைமுறை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஹார்ன்பியின் உற்பத்தி சீனாவுக்குப் போன பிறகு வந்த அதன் இன்ஜின்களும், அதே காலத்துப் பாக்மன் இன்ஜின்களும் வேறு ஜாதி. மூடிய மோட்டார், நிறைய சக்கரங்களிலிருந்து மின்சாரம், மெதுவாகவும் சீராகவும் ஓடும். பாக்மன் 08 ஷன்டர் (யார்டில் வேகன்களை இழுத்துத் தள்ளும் சிறிய டீசல்) குழந்தைகளுக்கு அருமையான இன்ஜின். ஹார்ன்பியின் ரெயில்ரோடு வரிசையும் அப்படியே. வேலைப்பாடு எளிமை, பிய்ந்துபோகிற நுண்பாகங்கள் குறைவு. இவற்றில் மலிவு எங்கே வரும் என்றால், அட்டைப் பெட்டி இல்லாததில், ஒரு ஏணியோ பஃபரோ உடைந்ததில், யாரும் விரும்பாத வண்ணத்தில். ஓட்டி விளையாடுகிறவருக்கு இவை எதுவும் குறையே இல்லை. சேகரிப்பவர் அட்டைப் பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தை நீங்கள் மிச்சம் பிடிக்கலாம். "லிமிடெட் எடிஷன்" சான்றிதழுக்கும் ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

ஆனால் எச்சரிக்கை ஒன்று. பழையது கெட்டால் பிரஷ் மாற்றலாம். புதியது கெட்டால் அதே சர்க்யூட் போர்டு, அதே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேடி அலைய வேண்டியிருக்கும். அதனால் ஜின்டியை ஓடாத நிலையில் வாங்கலாம், 2000-க்குப் பிந்தையதை ஓடுவதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நீராவி இன்ஜினில் சக்கரத்தோடு ஆடும் வால்வ் கியர் கம்பிகள் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று படத்தை ஒப்பிடுங்கள். ஒரு கம்பியோ ஒரு திருகோ குறைந்தால் அந்த மாதிரிக்கே உரியது கிடைப்பது பெரும்பாடு.

இதைவிட மோசமானது மசாக் அரிப்பு. சேஸிஸ் வார்க்கப் பயன்படும் துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்துவிட்டால் உலோகம் உள்ளிருந்தே மெல்ல மெல்ல ஊதும், வெடிக்கும், பொடியாகும். மருந்தே கிடையாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொம்மைகளில் மட்டும் வரும் நோய் என்று நினைக்காதீர்கள். 2000-களில் வந்த ஹார்ன்பி 31 டீசல்கள் பலவற்றில் இது பரவலாகத் தெரிந்த குறை. விற்பவரிடம் நேர் பக்கவாட்டுப் படம் கேளுங்கள். படத்தின் மேல் ஒரு அடிக்கோலை வையுங்கள். மேல்கூட்டின் அடிவிளிம்பு வில்லாக வளைந்திருந்தாலோ, இரு முனையும் தொங்கினாலோ, கூடு சேஸிஸில் உட்காராமல் தூக்கி நின்றாலோ தொடவே வேண்டாம்.

நேரில் வாங்கும்போது பையில் ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரியும் இரண்டு துண்டு வயரும் இருக்கட்டும். இன்ஜினைக் கவிழ்த்துப் பிடித்து ஒரு வயரை வலப்பக்கச் சக்கரத்திலும் மற்றதை இடப்பக்கச் சக்கரத்திலும் தொடுங்கள். லிமா போன்றவற்றில் மின்சாரம் எடுக்கும் சக்கரம் எது என்று ஒன்றிரண்டை மாற்றித் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்ற வேண்டும். வயரை மாற்றினால் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். கீச்சென்ற சத்தம் எண்ணெய் கேட்கிறது, பயமில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் "டிக்" என்று ஒரே இடத்தில் சத்தம் வந்தால் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கிறது, விலையைக் குறையுங்கள் அல்லது வைத்துவிடுங்கள். கருகிய வாசனை வந்தால் பேச்சே இல்லை. மோட்டார் இருக்கிறதா என்று பார்க்கச் சக்கரத்தை விரலால் தள்ளாதீர்கள். ஜின்டி மாதிரி புழுப்பல் இணைப்பு (மோட்டார் தண்டின் திருகுமரை பல்சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு) உள்ளவற்றில் சக்கரம் திரும்பாது, பலவந்தம் செய்தால் பல் உடையும்.

இடங்களைப் பற்றி. உள்ளூர் மாதிரி ரயில் சங்கங்களின் கண்காட்சியில் பழைய பொருள் மேசை ஒன்று இருக்கும். சங்க உறுப்பினர்களே விற்பார்கள், பக்கத்திலேயே சோதனைத் தண்டவாளம் இருக்கும், ஓட்டிக் காட்டச் சொல்லலாம். புதியவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. உங்களுக்கு எட்டும் தூரத்தில் எஷரின் சாண்டவுன் பார்க்கில் பெரிய பொம்மைச் சந்தை நடக்கும். கதவு திறக்கும் நேரத்தில் வியாபாரிகள் நல்லதை அள்ளிக்கொண்டு போவார்கள், கடைசி ஒரு மணி நேரத்தில் மூட்டை கட்ட விரும்பாதவர்கள் விலையை இறக்குவார்கள். வேகன் வாங்குகிறவர் கடைசியில் போகலாம், குறிப்பிட்ட இன்ஜின் தேடுகிறவர் முதலில் போக வேண்டும். லிவர்பூலில் தொடங்கிய ஹட்டன்ஸ் கடை 2024-இல் மூடியது பழைய பொருள் வாங்குகிறவர்களுக்குப் பெரிய இழப்பு. ரெயில்ஸ் ஆஃப் ஷெஃபீல்ட் போன்ற கடைகள் இன்னும் பழையதை வாங்கி விற்கின்றன. கடையில் விலை கூடத்தான். ஆனால் கடைக்காரரிடம் இணையத்தில் வாங்கினால் பிரிட்டிஷ் சட்டப்படி 14 நாளுக்குள் திருப்பித் தரலாம். தனிநபரிடம் அந்த உரிமை கிடையாது.

ஈபேயில் "விற்று முடிந்தவை" என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். கேட்கும் விலை வேறு, போன விலை வேறு. எழுத்துப் பிழையோடும் தேடுங்கள். ஹார்ன்பி என்பதை "ஹார்ன்ஸ்பி" என்று எழுதிப் போடுகிறவர்கள் ஏராளம், அந்தப் பக்கம் போட்டி குறைவு. நவம்பர், டிசம்பரில் வாங்காதீர்கள். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் தேடுவார்கள். பொருள் வர்ணனைக்கு மாறாக வந்தால் ஈபேயின் பணப் பாதுகாப்பின் கீழ் 30 நாளுக்குள் முறையிடலாம். ஆனால் "ஓட்டிப் பார்க்கவில்லை" என்று போட்டிருந்தால், ஓடாதது வர்ணனைக்கு மாறானது என்று வாதாடுவது கடினம். ஏல நிறுவனங்களில் விழும் விலையோடு நிற்காது. 80-க்கு விழுந்து, வாங்குபவர் கட்டணம் 25 சதவீதம் என்றால் 20, அந்தக் கட்டணத்துக்கு வாட் 4, மொத்தம் 104. தபால் செலவு தனி.

டிஜிட்டல் கட்டுப்பாட்டை, அதாவது டிசிசியை, இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஜின்டியில் டீகோடர் (டிஜிட்டல் கட்டளையை வாங்கும் சிறிய சர்க்யூட்) போட வேண்டுமானால் சேஸிஸோடு ஒட்டிய பிரஷை முதலில் பிரித்தெடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் இணைத்தால் டீகோடர் அந்த நொடியே போய்விடும். மகளின் ஆர்வம் நிலைத்தால், அடுத்து வாங்கும் இன்ஜினில் டீகோடர் செருகும் எட்டு முனை சாக்கெட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெள்ளை உலோகத்தில் யாரோ கையால் கட்டிய கிட் இன்ஜின் ஏதாவது பெட்டியில் வந்தால், பழைய வெள்ளை உலோகத்தில் ஈயம் இருக்கும். அதை மகள் கையில் கொடுக்க வேண்டாம். மற்றவற்றைத் துடைத்துச் சுத்தம் செய்யும் வேலையில் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆல்கஹாலை நீங்கள் கையாளுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், முடிந்ததும் இருவரும் கை கழுவுங்கள்.

விற்பவருக்கு இன்றே இப்படி எழுதுங்கள்: "மூன்று இன்ஜின்களின் அடிப்பக்கப் படமும், நேர் பக்கவாட்டுப் படமும் அனுப்ப முடியுமா? ஜின்டியின் மேல்கூடு ஒரே ஒரு திருகில்தான் நிற்கிறது, கழற்றி மோட்டாரை ஒரு படம் எடுத்தால் நல்லது. கன்ட்ரோலரும் தண்டவாளமும் எனக்கு வேண்டாம், அவை இல்லாமல் 65 பவுண்டுக்குத் தருவீர்களா? நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்." நேரில் போய் எடுத்தால் தபாலில் நொறுங்கும் அபாயமும் இல்லை, பேட்டரியால் சோதித்துப் பார்த்த பிறகு பணம் கொடுக்கலாம். படம் அனுப்ப மறுத்தாலோ 70-க்கு மேல் நின்றாலோ விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் ஓட்டிக் காட்டிய ஒரு பாக்மன் 08-ஐயும் நான்கைந்து வேகன்களையும் சங்க மேசையில் தேடுங்கள்.